மூன்று வருடப் பூட்டு

ரிப்பா, 11 ஜனவரி 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் முழுக்க "அப்பா நலம்" என்று எழுதினேன். அது பொய். அடுப்பங்கரைத் தரையில் கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு எத்தனையோ காலைகள் பள்ளிக்குப் போயிருக்கிறேன். எனக்கு இப்போது பதினான்கு வயது. இனி அப்படி எழுதமாட்டேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பாவைக் குடிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு. நீங்கள் ஸ்லாவா மாமாவின் வேனில் அனுப்பிய பணத்தை டாக்டரிடம் நானே கொடுத்தேன். வீட்டு ஆள் ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும் என்றதால் என்னையும் அறைக்குள் விட்டார்கள். எங்களுக்கு முன்னால் பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் திருமணத்துக்குப் போவதுபோலச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் அப்பாவின் கை நரம்பில் ஓர் ஊசி போட்டார். தொண்டைக்குள் கசப்பாக எதையோ பீய்ச்சினார். பிறகு பின்கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"சிமியோன், நல்லா கேட்டுக்க. இன்னையிலருந்து மூணு வருஷம். ஒரு சொட்டு உள்ள போனாலும் இதயம் நின்னுடும். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. தான் இறந்தால் அதற்குத் தானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஊர் வந்து சேர்ந்தபோது வலேரியு மாமா பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். போரில் அப்பாவின் பக்கத்திலேயே செத்துப்போன மிரோன் மாமாவின் தம்பி என்பதால் அப்பா அவரிடம் எதுவும் திருப்பிச் சொல்வதில்லை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"என்ன சிமியோன் அண்ணே, உன்னைப் பூட்டி சாவியை டாக்டர் பாக்கெட்ல போட்டுக்கிட்டாராமே? இனி உனக்குப் பாவாடை தைக்கச் சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் நேராக வீட்டுக்கு வந்தார், அம்மா. நேராக.

உங்கள் வியோரிகா


பாதுவா, 25 ஜனவரி 2004

வியோரிகாவுக்கு,

கடிதமும் அக்ரூட் பையும் வந்தன. அக்ரூட்டை நான் பார்த்துக்கொள்ளும் வக்கீல் கிழவரின் மகள் எடுத்துக்கொண்டாள். வக்கீல் இப்போது பேசுவதும் இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். என் இடுப்பு என்னுடையதாக இல்லை.

நல்லது, பூட்டிவிட்டார்கள். அவர் பயப்படுகிறாரா? பயப்படட்டும். பயத்தைக் குறைக்கும்படி எதுவும் பேசாதே. பன்னிரண்டு வருடம் அன்பாகச் சொல்லிப் பார்த்தேன். அன்பு அவருக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்.

மூன்று வருடம் தாண்டினால் நீ நகரத்தில் படிக்கலாம். எனக்கும் அதற்குள் இந்த நாட்டில் தங்குவதற்கான தாள்கள் கிடைத்துவிடும். தாள் இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் வா வா என்று எழுதாதே.

அம்மா


ரிப்பா, 15 பிப்ரவரி 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு தவறு செய்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வேதியியல் புத்தகத்தில் புளிக்க வைப்பது பற்றிய பாடம் வந்தது. ஈஸ்ட் போட்ட மாவில் சாராயச் சத்து உண்டாகும் என்று இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துவிட்டேன். அப்பா வாயிலிருந்த ரொட்டியைக் கையில் துப்பினார். அன்றிலிருந்து ரொட்டியைத் தொடுவதில்லை. புளித்த முட்டைக்கோஸ், புளிப்புச் சூப், பழுத்த பேரிக்காய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். சோளக் களியும் உருளைக்கிழங்கும்தான். இருமல் மருந்தை முதலில் என்னைக் குடிக்கச் சொல்கிறார். நான் குடித்துவிட்டு ஒன்று முதல் நூறு வரை எண்ணுவேன். பிறகும் அவர் குடிப்பதில்லை. இடுப்பில் பெல்ட்டுக்கு இரண்டு புதுத் துளை போட்டிருக்கிறார்.

வேலையிலும் சங்கடம். ஊர்த் தலைவரின் தங்கை வீட்டுக் கதவுக்கு வெல்டிங் செய்யப் போனார். நானும் கம்பி பிடிக்கப் போனேன். முடிந்ததும் அந்த அத்தை வழக்கம்போல ஒரு குடம் ஒயினோடு வந்தார்.

"எனக்கு உருளைக்கிழங்கு குடுங்க போதும்" என்றார் அப்பா.

"வேலை செஞ்சவனுக்கு ஊத்தாம அனுப்பினா அந்தக் கதவு நிக்குமாப்பா? கதவை மூடிட்டுக் குடி. உன் பொண்ணு வெளிய சொல்லமாட்டா."

"சொல்லுவேன்" என்றேன்.

"உன் பொண்ணு கிடக்கட்டும், குடிக்காம போனா என் வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி உருளைக்கிழங்கும் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் முப்பத்தெட்டு நாளாக அவர் குடிக்கவில்லை. என் கணக்குப் பாடத்தில் ஒரு சூத்திரத்தைத் தானே போட்டுக் காட்டினார்! அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரொட்டி சாப்பிட்டால் அவர் இறந்துவிடுவாரா? இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பள்ளி நூலகத்தில் எல்லாம் பார்த்துவிட்டேன்.

உங்கள் வியோரிகா


பாதுவா, 29 பிப்ரவரி 2004

வியோரிகா,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அடுப்பில் போடு. சம்மதமென்றால் மட்டும் கீழே படி.

ரொட்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு பீப்பாய் குடித்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஆஸ்பத்திரியில் நான் ஏழு வருடம் தரை துடைத்தவள். உடைந்த ஊசிக் குப்பிகளைப் பொறுக்கிப் போட்டவள் நான்தான். அதில் இருப்பது விட்டமின். தொண்டையில் பீய்ச்சுவது பல் மருத்துவர் வாயை மரத்துப்போக வைக்கும் மருந்து. மிச்சம் எல்லாம் டாக்டரின் குரல்.

என்னை ஏமாற்றுக்காரி என்று நினைக்காதே. அந்தக் குரலால் எத்தனை வீட்டில் அடி விழாமல் இருக்கிறது தெரியுமா உனக்கு? நம் ஊரிலேயே உன் அப்பாவைத் தவிர மூன்று பேர் அதே ஊசியில் நிற்கிறார்கள். அவர்கள் மனைவிமாருக்கும் தெரியாது. தெரிந்தால் நிற்காது.

அவரை ரொட்டி சாப்பிட வைக்க வேண்டுமென்றால் ஏதாவது சொல்லிச் சாப்பிட வை. இதை மட்டும் சொல்லாதே. அவருக்குத் தெரிந்த நாளோடு எல்லாம் முடிந்தது.

அம்மா


ரிப்பா, 21 மார்ச் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தை எரித்துவிட்டேன். எரிப்பதற்கு முன் மூன்று முறை படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் என்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். சாராயச் சத்து அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடும் என்று அதே வேதியியல் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். அது உண்மை. அவர் ரொட்டியை வாணலியில் கருக வாட்டிச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்.

ஆனால் அவர் தூங்குவதில்லை, அம்மா. குடித்த காலத்தில் மரம் போலக் கிடப்பார். இப்போது கண் மூடினால் "தண்ணி இல்லடா, தண்ணி இல்ல" என்று கத்துகிறார். சனிக்கிழமை காலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டேன்.

"யாருக்குப்பா தண்ணி இல்ல?"

அவர் வெகுநேரம் தோல் சீவினார். கிழங்கு ஒரு கோலி குண்டு அளவு ஆகும்வரை சீவினார். பிறகு சொன்னார். தொண்ணூற்றிரண்டில் ஆற்றங்கரைப் பதுங்கு குழியில் மிரோன் மாமாவுக்கு வயிற்றில் பட்டது. தண்ணீர் கேட்டார். யாரிடமும் இல்லை. தாக்குதலுக்கு முன் ஆளுக்கு ஒரு குவளை சாராயம் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள், அப்பாவின் குப்பியில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தார். வயிற்றில் அடிபட்டவனுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று அப்பாவுக்குத் தெரியாது. மிரோன் மாமா ஒரு மணி நேரம் துடித்தாராம்.

"நான் குடுக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பானோ என்னவோ" என்றார். "குடிச்சா அந்த ஒரு மணி நேரம் மறக்குது கண்ணு. அவ்வளவுதான். வேற ரகசியம் இல்ல." வலேரியு மாமாவுக்குத் தெரியாது என்றும், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். நீங்கள் யாரோ அல்ல என்பதால் எழுதுகிறேன்.

கம்பவுண்டர் நாடியா அக்காவிடம் போய், போரைப் பற்றிய கெட்ட கனவுக்கு மருந்து உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"இருந்துச்சு. உங்கம்மாதான் பணம் குடுத்து அதைப் பூட்டிட்டாளே" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகரத்தில் இதற்கென்று டாக்டர்கள் இருப்பார்கள் அல்லவா? விசாரிக்கலாமா?

உங்கள் வியோரிகா


பாதுவா, 4 ஏப்ரல் 2004

வியோரிகா,

விசாரிக்க வேண்டாம். பைத்தியக்கார டாக்டரிடம் போனான் என்று பெயர் வந்தால் உன்னை யார் கட்டுவார்கள், அவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

மிரோன் கதையை உன்னிடம் சொன்னாரா. பன்னிரண்டு வருடம் ஒரே படுக்கையில் கிடந்தேன். அவர் கத்தியபோதெல்லாம் நான்தான் எழுந்து முகம் துடைத்தேன். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பார். என் முன்பல் அந்த 'ஒண்ணுமில்ல'வில்தான் போனது. இப்போது பதினான்கு வயதுப் பெண்ணிடம் உருளைக்கிழங்கு உரித்தபடி சொல்கிறார்.

நீ அவரிடம் எதையும் கேட்டுக் கிளறாதே. ஈஸ்டர் வருகிறது. கல்லறைக்குப் போகும் நாளில் கூடவே இரு. அவர் கையில் எப்போதும் ஏதாவது ஒரு குவளை இருக்கும்படி பார்த்துக்கொள், அப்போதுதான் யாரும் ஊற்றமாட்டார்கள்.

அம்மா


ரிப்பா, 20 ஏப்ரல் 2004

அம்மா,

நேற்று இறந்தவர்களின் ஈஸ்டர். வரிசையாக எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன குவளைக்காகச் செர்ரிப் பழம் வேகவைத்த தண்ணீரை ஒரு கூஜா நிறையக் கொண்டுபோனோம். எல்லாக் கல்லறைமேலும் துணி விரித்து, சிவப்பு முட்டை, இனிப்பு ரொட்டி, ஒயின். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். மிரோன் மாமாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, வந்தவர்களுக்கெல்லாம் "மிரோனுக்காக" என்று செர்ரித் தண்ணீரை நீட்டினார். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்.

வலேரியு மாமா வாங்கவில்லை. "எங்கண்ணன் என்ன பால்வாடிப் புள்ளையா? செர்ரித் தண்ணி குடுக்கற?" என்றார். தன் ஒயின் குவளையை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "புடி. அவனுக்காக ஒரு மடக்கு."

"குடிச்சா செத்துடுவேன் வலேரியு. உனக்குத் தெரியும்."

"எங்கண்ணன் செத்தான்ல, உன் பக்கத்துலயே? அவனுக்காக நீ ஒரு மடக்கு சாகக்கூடாதா?"

அப்பா திரும்பி, காற்றில் அணைந்த மெழுகுவத்தியைப் பற்ற வைத்தார். அப்போதுதான் செய்திருக்கிறார்கள். நான் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. கூடவே இருக்கச் சொன்னீர்கள், கூடவேதான் இருந்தேன். ஆனால் முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

அப்பா தன் குவளையை எடுத்து, முறைப்படி மண்ணில் சில சொட்டுகள் விட்டு, ஒரே மூச்சில் குடித்தார். குவளை கீழே விழுந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சாராயம்" என்றார். கேள்வி கேட்பதுபோல.

"பாருங்கடா, இப்ப சாவான்!" என்று வலேரியு மாமா கைதட்டினார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அப்புறம் மல்லாந்து விழுந்தார். "நல்லா நடிக்கறான்டா" என்று ஒருவர் சொன்னார். "இன்னும் காலாட்டறான், உசிரு இருக்கு" என்று இன்னொருவர். அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கின. நாடியா அக்கா ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "அய்யோ, இவன் நெஜமாவே போறான்யா" என்றார். அதன் பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே செத்துக்கொண்டிருந்தார், அம்மா. வெறும் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அது தெரியும்.

"அப்பா! ஊசியில ஒண்ணுமே இல்லப்பா! வெறும் விட்டமின்! அம்மா எழுதினாங்க! டாக்டர் பொய் சொன்னாரு! நீங்க சாகமாட்டீங்க!"

கத்தினேன். எவ்வளவு உரக்க என்றால், மணிக்கூண்டுப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு மெல்ல வந்தது. முகத்தில் நிறம் வந்தது. எழுந்து உட்கார்ந்து சட்டையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "எப்பலருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"மார்ச்லருந்து."

அவர் தலையை ஆட்டினார். எழுந்தார். வலேரியு மாமாவிடம் போய், அவர் கையிலிருந்த ஒயின் குவளையை இரண்டு கையாலும் வாங்கினார். "மிரோனுக்காக" என்று சொல்லி மண்ணில் சொட்டு விட்டுக் குடித்தார். வலேரியு மாமா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். "எங்கண்ணன் திரும்பி வந்த மாதிரி இருக்குடா" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் பொய் எழுதவில்லை, உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்கள்.

பூட்டிக்கொண்ட மற்ற மூன்று பேரும் கல்லறையில்தான் இருந்தார்கள். நான் கத்தியதைக் கேட்டிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் குடித்துவிட்டார்கள். இன்று காலை நம் வாசல் கதவில் அவர்கள் வீட்டுப் பெண்கள் சாணியை அடித்துவிட்டுப் போனார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.

வியோரிகா


பாதுவா, 2 மே 2004

அவர் காதருகே குனிந்து, மெதுவாக வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாடியாவை ஒரு ஊசி போடச் சொல்லியிருக்கலாம். அந்த ஊசியில் தண்ணீர் இருந்தால் போதும். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இது தோன்றியிருக்கும்.

ஊர் கூடிக் கேட்க, அம்மா எழுதினாள் என்று கத்தினாய்.

நான் இங்கே இன்னொருவருடைய மலத்தை அள்ளி அவர் குடிக்காத அந்த மூன்று மாதத்தை வாங்கினேன்.

இனிப்பு அனுப்பியிருக்கிறேன். பிரித்துச் சாப்பிடு.

அம்மா


ரிப்பா, 3 அக்டோபர் 2004

அம்மாவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை. கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியவை சேர்ந்துவிட்டன.

வெல்டிங் மெஷினை விற்றுவிட்டார். வாங்கியது வலேரியு மாமா. இப்போது எல்லோரும் அப்பாவிடம் அன்பாக இருக்கிறார்கள். புது ஒயின் இறங்கும் சமயம் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "டாக்டரம்மா, உன் நோயாளி வந்தாச்சு. விட்டமின் குடுத்தாச்சு" என்று கூவிவிட்டுப் போவார்கள்.

அவரும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். ஒருநாள் ஒயின் குடத்தை நான் கொட்டப் போனபோது கதவைச் சாத்தினார். என் இடது கை மோதிர விரல் இடுக்கில் இருந்தது. அவர் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார். பள்ளியில் கேட்டவர்களிடம் கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று சொன்னேன். உங்களிடம் காற்று என்று சொல்லமாட்டேன். விரல் இப்போது நேராக நிற்பதில்லை. எழுதுவதற்குத் தடை இல்லை.

அவர் கண்ணும் உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டன. வயிறு வீங்கியிருக்கிறது. கல்லீரல் என்கிறார் நாடியா அக்கா. "இன்னொரு குளிர்காலம் இதே மாதிரி குடிச்சா வசந்தத்தைப் பாக்கமாட்டான்" என்றார். நான் இதை வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

வந்துவிடுங்கள். தாள் கிடைக்காவிட்டால் போகட்டும். வந்துவிடுங்கள்.

வியோரிகா


பாதுவா, 14 நவம்பர் 2004

வியோரிகா,

நான் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து பட்டினி கிடக்கலாம். கல்லீரலுக்கு அது மருந்து இல்லை.

கிஷினாவில் ஒரு டாக்டரிடம் பேசிவிட்டேன். மூன்று முறை போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வார்டில் படுக்க வைத்து உடம்பைத் தேற்றுவார். பிறகு ஐந்து வருடத்துக்குப் பூட்டுவார். "என்கிட்ட வித்தை இருக்கு, ஆனா உங்க வீட்டுக்காரர் என் வாயை நம்பமாட்டாரு. ஒரு தடவை ஏமாந்தவரு. அவரு நம்பற ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

யோசித்தேன். நீதான் இருக்கிறாய்.

உன்னைப் பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரே சொல்கிறது. கல்லறையில் அதை நிரூபித்தும் காட்டிவிட்டாய். இந்த முறை மருந்து உண்மையானது என்று நீ சொன்னால் அவர் நம்புவார். வேறு யார் சொன்னாலும் சிரிப்பார். நீ சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் விரலைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்காக நான் அழுதேனா இல்லையா என்பதை எழுதப்போவதில்லை. அவர் செத்தால் உன்னை அரசு விடுதியில் போடுவார்கள். அதைத் தெரிந்துகொள்.

ஸ்லாவாவிடம் பணம் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையே கிளம்புங்கள்.

அம்மா


கிஷினாவ், 5 டிசம்பர் 2004

அம்மாவுக்கு,

வார்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டுக் கட்டில். நடுப்பகல்தான், ஆனால் பனிமூட்டம் என்பதால் விளக்குகள் எரிகின்றன. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

இரண்டு வாரத்தில் கண் மஞ்சள் குறைந்திருக்கிறது. காலையில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அப்பாவை முதலில் உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே நடையில் நின்ற என்னிடம் வந்தார்.

"நீதானே அந்தப் பொண்ணு?"

"ஊசியில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம இருந்தா உனக்குத்தான் சுலபம்."

"தெரியணும்."

"குளுக்கோஸ்" என்றார். "போதுமா? இப்ப அந்த மூஞ்சியை மாத்திக்கிட்டு உள்ள வா."

உள்ளே நடந்ததை எழுதுகிறேன். டாக்டர் ஊசி போட்டார். பிறகு சாராயத்தில் நனைத்த பஞ்சை அப்பாவின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"மிரோன் தண்ணி கேட்டான்ல, சிமியோன்? நீ என்ன குடுத்த? இதானே? இதைத்தானே ஊத்தின அந்தக் கிழிஞ்ச வயித்துல?"

போனில் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் என்றால் இதுவும் என்று எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இனி ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா, அவன் பட்டானே ஒரு மணி நேரம், அதையே நீ படுவ. அதே இடத்துல. அஞ்சு வருஷம் வரைக்கும்" என்றார் டாக்டர். அப்பாவின் கால்சட்டை நனைந்தது. தரையைத் துடைக்க ஓர் அம்மாள் வந்தார். அவர் எங்களைப் பார்க்காமலே துடைத்துவிட்டுப் போனார்.

கட்டிலுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "அவன் சொன்னது நெஜமா?"

"எதுப்பா?"

"மருந்து. இந்தத் தடவை நெஜமா?"

"நெஜம்தான்."

"மறுபடி சொல்லு."

"நெஜம்தான்பா. டாக்டர்கிட்ட நடையில நானே கேட்டேன்."

அவர் சிரித்தார். சிரிக்கவே வலித்திருக்க வேண்டும். "மிரோன் விஷயத்தை அவகிட்ட எழுதிட்ட, இல்ல?"

"எழுதினேன்."

"சொல்லாதன்னேன்."

"ஆமா."

"உன் வயித்துல ஒண்ணும் தங்காது. ஊர் நடுவுல நின்னு கத்தினவ நீ. எல்லாத்தையும் சொல்லிடுவ, பொய் மட்டும் சொல்லமாட்ட. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்." அவர் என் கையைப் பிடித்தார். வளைந்த விரல் அவர் கைக்குள் வந்தது. அதை உணர்ந்ததும் விட்டுவிட்டு, மற்றொரு கையைப் பிடித்தார். "உங்கம்மா உசிரு மேல சத்தியமா சொல்லு. மருந்து நெஜமா?"

"அம்மா உசிரு மேல சத்தியமா நெஜம்."

நான் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பெயரைக் கேட்டபோது நான் தயங்குவேன் என்று எதிர்பார்த்தேன். தயங்கவில்லை, அம்மா.

அவர் என் கையை விட்டுவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நம்பிவிட்டார். "சரி, அப்போ பொழைச்சுக்குவேன்" என்றார். பிறகு, "இனிமே நீ எங்கிட்ட எதுவும் கேக்காத. நான் எதுவும் சொல்லமாட்டேன். கனவு வந்தாலும் எழுப்பாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதுதான் நடந்தது. அவர் பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை ஊருக்கு அழைத்துப்போகலாம். நீங்கள் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீலைப் புரட்டும்போது இடுப்பை வளைக்காதீர்கள். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

இன்னும் எழுத இருந்தது. ஆனால் மதிய ஓய்வு மணி அடித்துவிட்டது. நர்ஸ் வந்து திரைகளை இழுத்துவிட்டு, "போதும் எழுதினது, எடுத்து வை" என்று சொல்லி விளக்குகளை அணைத்துவிட்டார்.